கோழிகள் நாவல் படிப்பதில்லை

துப்பறியும் அம்சவேணியை உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் வசந்தாமணியிடம் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். பிடித்து உட்கார வைத்து ஒன்றாம் நாவலிலிருந்து ஆரம்பித்துவிடுவாள். மொத்தம் நாற்பத்து மூன்று நாவல்கள்!

அம்சவேணி, கதையில் வரும் பெண் துப்பறிவாளர். சேலம் செவ்வாய்ப்பேட்டையில், ஒரு மளிகை மண்டியின் மாடியில் அவருடைய ஆபீஸ். கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. மாதம் பிறந்தால் ஒரு நாவல், நாவலுக்கு ஒரு திருடன். எவ்வளவு கெட்டிக்காரத் திருடனானாலும் கடைசிப் பக்கத்தில் மாட்டிக்கொள்வான்.

வசந்தாமணி ஆறாம் வகுப்புப் படித்தாள். நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் சாலையில் அவர்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் கோழிப்பண்ணை. ஆயிரம் கோழிகள், கம்பிக் கூண்டுகளில் வரிசையாக நிற்கும். முட்டை ஏற்ற வரும் வேன் டிரைவர் காளியண்ணன்தான் மாதா மாதம் அம்சவேணியைக் கொண்டுவந்து கொடுப்பார்.

"நான் படிச்சாச்சு. திருடன் ஆருன்னு சொல்லட்டுமா?" என்பார்.

"ஐயோ, வேண்டாமுங்கண்ணா!" என்று காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள் வசந்தாமணி.

அது 1983ஆம் வருடத்து மார்கழி. அரையாண்டுத் தேர்வு நேரம். "கதைப் புஸ்தகத்தைக் கையில பார்த்தேன், அடுப்புல போட்டுருவேன்" என்று அம்மா சௌந்திரம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வசந்தாமணி என்ன செய்தாள் தெரியுமா? தம்பி சத்தம் போடுகிறான் என்று சொல்லி, தீவன அறைக்குப் படிக்கப் போனாள். கையில் வரலாற்றுப் புத்தகம். அதற்குள் அம்சவேணி!

தீவன அறையின் பல்பு ஒருநாள் ஃபியூஸ் போய்விட்டது. அப்பாவிடம் சொன்னால் மாட்ட வருவார், மூட்டைக்குப் பின்னால் இருக்கும் நாவல் கட்டைப் பார்த்துவிடுவார். அதனால் அவளே கோழிக் கொட்டகையின் கோடியில் தொங்கிய ஒரு பல்பைக் கழற்றி வந்து மாட்டிக்கொண்டாள். கோழிகளுக்கு எதற்குப் பல்பு? அவை என்ன நாவலா படிக்கப் போகின்றன? அதோடு அதை மறந்தும் போனாள்.

படித்ததை எல்லாம் மறுநாள் காலை மாரியாயி அக்காவிடம் சொல்லியாக வேண்டும். மாரியாயி பத்து வருடமாகப் பண்ணையில் வேலை செய்பவள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கதை கேட்க உட்கார்ந்தால் கையிலுள்ள முட்டையைக்கூட மறந்துவிடுவாள்.

"திருடன் ஆருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு சாமி," என்பாள் பாதிக் கதையிலேயே. "ரொம்ப நல்ல புள்ளையாட்டம் ஒருத்தன் வாரான் பாரு, அவந்தான்!"

பாதி நேரம் அது சரியாகவே இருக்கும்.

நாற்பத்து மூன்றாவது நாவலில் கோயில் நகை காணாமல் போயிருந்தது. இன்னும் ஒரே ஓர் அத்தியாயம்தான் பாக்கி. அதை வெள்ளிக்கிழமை மாலை மாரியாயிக்குப் படித்துக் காட்டுவதாக வசந்தாமணி சொல்லியிருந்தாள். அன்று பள்ளிக்கூடம் விட்டதும் ஓட்டமாக ஓடி வந்தாள்.

கொட்டகை வாசலில் மாரியாயி அழுதுகொண்டு நின்றாள்.

"தினமும் மூணு அட்டை முட்டை குறையுது," என்றார் அப்பா சின்னுசாமி. ஓர் அட்டையில் முப்பது முட்டை. "பத்து நாளா இப்படித்தான். முட்டைக்கென்ன காலா முளைச்சிருக்கு, நடந்து போக? கொட்டகைக்குள்ள வந்து போறது நீயும் நானுந்தான்."

"என்ற புள்ளைக மேல சத்தியமுங்க. ஒரு முட்டை தொட்டதில்லீங்க."

"விசயம் தெரியற வரைக்கும் நீ வேலைக்கு வர வேண்டாம்."

மாரியாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "திருடிங்கற பேரோட இந்த ஊர்ல எப்படீங்க இருக்கறது? நாயித்துக்கிழமை மொத பஸ்ஸுக்குப் பரமத்தியில என்ற அண்ணன் ஊட்டுக்கே போயர்றேன்." வசந்தாமணியைப் பார்த்தாள். கதையைக்கூடக் கேட்காமல் நடந்து போய்விட்டாள்.

மாரியாயி அக்காவா? கீழே விழுந்த முட்டையைக்கூட அம்மாவிடம் கொண்டுவந்து காட்டுகிற மாரியாயி அக்காவா?

அடுத்த நிமிடம் வசந்தாமணி நிமிர்ந்தாள். இது ஒரு வழக்கு! நிஜ வழக்கு! நாளை சனிக்கிழமை, லீவு. ஞாயிறு காலைக்குள் கண்டுபிடித்துவிட்டால் அக்கா ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை.

ரஃப் நோட்டை எடுத்தாள். 'சந்தேகப் பட்டியலில் எல்லார் பெயரையும் எழுது, பிடித்தவர் பெயரைக்கூட விடாதே.' இது அம்சவேணியின் முதல் விதி. வசந்தாமணி எழுதினாள்:

ஒன்று, மாரியாயி அக்கா. (எழுதவே கை வரவில்லை.)

இரண்டு, காளியண்ணன்.

மூன்று, கீரிப்பிள்ளை.

நான்கு, அம்மா. தம்பிக்கு அடிக்கடி ஆம்லெட் போட்டுக் கொடுக்கிறாள். சந்தேகத்துக்கு இடமிருக்கிறது.

சனிக்கிழமை விடிந்ததும் முதல் ஆளாக அம்மாவிடம் போய் நின்றாள். "நேத்து காலையில ஏழு மணிக்கு எங்கே இருந்தீங்க?"

"உனக்குச் சடை பின்னிக்கிட்டு இருந்தேன். ஏன்டி?"

வசந்தாமணி நான்காம் பெயரை அடித்துவிட்டாள்.

வேன் வந்ததும் காளியண்ணனை மடக்கினாள். அவர் சிரித்த சிரிப்பில் கோழிகளே பயந்து கத்தின. "கண்ணு, உங்கப்பன் எண்ணிக் கொடுக்கறதை நான் எண்ணி வாங்கறேன். கொட்டகைக்குள்ள நான் எட்டிப் பார்த்ததே இல்ல. வாசம் ஆகாது!" மூக்கைப் பிடித்துக் காட்டினார். அதுவும் உண்மைதான்.

பிறகு அம்மாவின் கோலமாவு டப்பாவோடு கொட்டகைக்குள் நுழைந்தாள். நீளமான கொட்டகை. ஐந்து பகுதி, பகுதிக்கு இருநூறு கோழி. ஒவ்வொரு பகுதியாக முட்டைகளை எண்ணிப் பார்த்தபோதுதான் அந்த விசயம் கண்ணில் பட்டது.

முதல் நான்கு பகுதியிலும் முட்டை வழக்கம் போல. கோடிப் பகுதியில் மட்டும் பாதிகூட இல்லை!

"ஆகா!" என்று துள்ளினாள். கோடிக்குப் பக்கத்தில் பின்வாசல். பின்வாசலுக்கு வெளியே சோளக்காடு. திருடன் அந்த வழியாகத்தான் வருகிறான்! கீழே கோலமாவைத் தூவி, அந்தப் பகுதியிலும் பக்கத்திலிருந்த நான்காம் பகுதியிலும் கிடந்த முட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரு சாக்குக்குப் பின்னால் பதுங்கினாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. கொசு கடித்தது, கால் மரத்தது. அம்சவேணிக்குக் கொசு கடித்ததாக எந்த நாவலிலும் எழுதவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

உச்சி வேளை வரை ஓர் ஈ காக்கா வரவில்லை. கோலமாவில் ஓர் அடித்தடம் இல்லை. ஆனாலும் கோடிப் பகுதியில் புதிதாக வந்து விழுந்த முட்டை மிகவும் கொஞ்சம். நான்காம் பகுதியிலோ முட்டைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கிடந்தன.

வசந்தாமணி அப்பாவிடம் ஓடினாள். "அப்பா! அப்பா! ஆரும் திருடலீங்கப்பா! கோடியில இருக்கற கோழிக முட்டையே போடறதில்ல!"

அப்பா வந்து பார்த்தார். கூண்டுகளுக்குக் கீழே உதிர்ந்த இறகுகள் கிடந்தன. தொட்டியில் தீனி மீந்திருந்தது. அவர் தாடையைத் தடவினார்.

"சீக்கு இல்ல. எல்லாத்துக்கும் ஒரே தீனி, ஒரே தண்ணி. அப்புறம் இதுக மட்டும் ஏன் போடாது? நீ ஒருநாள் பார்த்ததை வெச்சு என்னன்னு சொல்றது?"

"ஏன்னு கண்டுபிடிச்சா அக்காளைக் கூப்பிடுவீங்களா?"

"கூப்பிடறேன்."

பொழுது சாய்ந்தது. நாளைக் காலை முதல் பஸ். இன்னும் காரணம் கிடைக்கவில்லை. வசந்தாமணி நகத்தைக் கடித்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். இந்நேரத்தில் அவள் கொட்டகைப் பக்கம் வந்ததே கிடையாது. எப்போதும் தீவன அறையில் 'வரலாறு' படித்துக்கொண்டிருப்பாள்.

வீட்டிலிருந்து அப்பா சுவிட்சைப் போட்டார். கொட்டகையில் விளக்குகள் எரிந்தன. வெளிச்சம் பட்டதும் கோழிகள் கொக்கரித்துக்கொண்டு தீனியைக் கொத்தத் தொடங்கின.

ஆனால் அவளுக்கு முன்னால் இருந்த கோடிப் பகுதி இருட்டாக இருந்தது. அங்கே கோழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தூங்கிவிட்டன.

வசந்தாமணி எழுந்து ஓடினாள், ஒரே ஓட்டம். "அப்பா! கொட்டகையில லைட்டு எதுக்குப் போடறோம்? பாம்பு வராம இருக்கத்தானே?"

"பாம்புக்கு இல்ல கண்ணு. மார்கழியில பகல் சின்னது. பொழுது சாஞ்சப்புறம் ரெண்டு மூணு மணி நேரம் வெளிச்சம் காட்டினாத்தான் கோழி நல்லாத் தீனி எடுக்கும், முட்டையும் வெக்கும். இல்லீன்னா பாதியாக் கொறைச்சுக்கும்."

"கோடியில எரியலீங்கப்பா!"

"என்னது?"

அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். அம்மாவும் பின்னால் வந்தாள். டார்ச் வெளிச்சம் மேலே போயிற்று. ஒயர் தொங்கியது. பல்பைக் காணோம்.

"அட கெரகமே! ஊட்டுல இருந்து பார்த்தா முன்பக்கந்தான் தெரியுது. நான் கவனிக்கவே இல்லியே! இதை ஆரோ கழட்டியிருக்காங்க."

"கண்டுபிடிச்சுட்டேன்!" வசந்தாமணி குதித்தாள். "பல்பை எடுத்தவந்தான் குற்றவாளி! அவன் மட்டும் கையில கிடைச்சா..."

அவள் வாய் அப்படியே நின்றது.

குற்றவாளி யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பல்பு இந்த நிமிடம் எங்கே தொங்குகிறது என்றும் தெரியும்.

"ஏன் கண்ணு நிறுத்திட்டே?" என்றார் அப்பா.

பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? காற்றில் விழுந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். காரணம் கிடைத்துவிட்டது, அக்காளையும் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஆனால் பல்பை எடுத்தது யார் என்ற சந்தேகம் மறுபடி மாரியாயி தலையில்தானே விழும்?

"நாந்தானுங்கப்பா," என்றாள். குரல் கோழிக்குஞ்சு போல வந்தது. "தீவன ரூம்ல இருக்குது. கதைப் புஸ்தகம் படிக்கறதுக்கு..." மேலே பேச முடியாமல் அழுதுவிட்டாள்.

"வரலாறு படிக்கறேன்னியேடி!" என்று அம்மா கையை ஓங்கினாள். அப்பா தடுத்தார்.

"உன்னை அடிச்சா என்னையும் சேர்த்துத்தான் அடிக்கணும்," என்றார். "கோடி வரைக்கும் நடந்து பார்க்காம, ஒருத்தி மேல பழி போட்டேன் பாரு. ஏறு சைக்கிள்ல."

மாரியாயி வீட்டில் மூட்டை கட்டி வைத்திருந்தது. சிம்னி விளக்கு வெளிச்சத்தில் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். சின்னுசாமியைப் பார்த்ததும் எழுந்தாள். ஆனால் வாங்க என்று சொல்லவில்லை.

"தப்பு என்னோடது மாரியாயி," என்றார் அப்பா. "நீ முட்டை எடுக்கலை. மனசுல வெச்சுக்காதே."

"பத்து வருசமா உங்க பண்ணையில இருக்கறனுங்க. எடுத்தியான்னுகூட நீங்க கேக்கலீங்க. எடுத்தேன்னே முடிவு பண்ணிட்டீங்க." மாரியாயி கையிலிருந்த பாத்திரத்தைச் சாக்கில் போட்டாள்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "நாளைக்குக் காலையில காளியண்ணன் முன்னாடியே சொல்றேன். ஊர்ல ஆரு கேட்டாலும் சொல்றேன்."

வசந்தாமணி முன்னால் வந்து ரஃப் நோட்டை விரித்தாள். பட்டியலில் இருந்த பெயர்கள் எல்லாம் அடிக்கப்பட்டிருந்தன. கடைசியில் புதிதாக ஒரு பெயர்.

"அக்கா, இதுல முதல்ல உங்க பேரை எழுதினேன். என்ற பேரை எழுதவே இல்ல. இப்போ எழுதிட்டேன். ஐந்து, வசந்தாமணி. பல்பைக் கழட்டினது நாந்தானுங்க." நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

மாரியாயி அவளையே உற்றுப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள், திடீரென்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது.

"நான் எப்பவும் சொல்லுவனே சாமி, ரொம்ப நல்ல புள்ளையாட்டம் வாரவங்கதான் திருடன்னு!"

வசந்தாமணி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். அப்பாகூடச் சிரித்துவிட்டார். "கோடியில இருக்கற கோழிக பழையபடி போடற வரைக்கும், தினமும் விடிய எழுந்து நீதான் அங்க முட்டை பொறுக்கணும். அதுதான் உனக்குத் தண்டனை."

"சரிங்கப்பா!"

மாரியாயி சாக்கிலிருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அதெல்லாம் இருக்கட்டும். அந்தக் கோயில் நகையை எடுத்தது ஆரு?"

"நானே இன்னும் படிக்கலீங்கக்கா."

"பொய்!"

"நெசமா. உங்களை விட்டுப்போட்டு எப்படிப் படிப்பேன்?" பாவாடை மடிப்பிலிருந்து நாற்பத்து மூன்றாவது அம்சவேணி வெளியே வந்தது.

மாரியாயி சிம்னி விளக்கை நகர்த்தி அவள் பக்கத்தில் வைத்தாள். வசந்தாமணி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சித்தெ இரு," என்று வாசலில் நின்ற அப்பா சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "மொதல்ல இருந்து படி. அந்த நகை எப்படிக் காணாமப் போச்சுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"