கெம்பையன் பதித்த தரை

அடுப்படியிலிருந்து பார்த்தபோது, வாசலில் நின்ற மகள் வைஷாலி இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் சிறியவளாகத் தெரிந்தாள்.

மோகனப்ரியா பதறவில்லை. காரணம் தரையில் இருந்தது. கௌதள்ளியிலிருந்து வந்த அவள் கணவன் கெம்பையன் டைல்ஸ் மேஸ்திரி. விஜயநகரில் கட்டுகிற வீடுகளில் மிஞ்சும் டைல்ஸை வீட்டுக்குத் தூக்கி வராத மேஸ்திரி உண்டா? பல அளவில் சேர்ந்ததைக் கலந்து ஒட்டினால் தெரு சிரிக்குமே என்று, பெரியவற்றை வாசலில் தொடங்கி, போகப்போகச் சிறியதாக்கி, அடுப்படியில் பொடிசுகளாக முடித்திருந்தான். வாசலில் நின்றால் அந்த ஒடுங்கிய வாடகை வீடு நீண்டுகொண்டே போகும். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. வேலை இருந்தவர்களும் வந்தார்கள்.

"அரமனையாட்டமே இருக்குது. டிக்கெட் போட்டுரு, மோகனா," என்றாள் பக்கத்து வீட்டுச் சித்தம்மா.

அடுப்படியிலிருந்து பார்த்தால் தலைகீழ். வாசல் கிட்டத்தில் இருப்பதுபோலவும், அங்கே நிற்கிற ஆள் குள்ளம்போலவும் தோன்றும்.

"கண்ணுதான் ஏமாறுது புள்ள. நடந்து வந்தா சரியாப் போயிரும்," என்றான் கெம்பையன். உண்மைதான். அவனே பொம்மைபோல வாசலில் நின்று, நடக்க நடக்க வளர்ந்து, முழுப் புருஷனாக வந்து காபி கேட்டான்.

ஐந்து வயது வைஷாலி மட்டும் வளர்வதில் சுணங்கினாள். ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்கிறவள், முழங்காலைக் கட்டிக்கொண்டாள். கவுன் தரையைக் கூட்டியது. துவைத்ததில் துணி தொய்ந்துவிட்டது என்று மோகனப்ரியா நினைத்துக்கொண்டாள். நினைப்பது சுலபமாக இருந்தது.

"எம்புள்ள எளச்சுட்டாளாக்கா?"

"செல்லுல கார்ட்டூன் காட்டி ஊட்டுனா வேற என்ன ஆகும்?" என்றாள் சித்தம்மா. வைஷாலியை அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை, குனிந்தும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கெம்பையன் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. குக்கரின் ஆவியும் ஈரச் சிமெண்ட் வாடையும் கலந்து தொண்டையில் நிற்க, மோகனப்ரியா தட்டில் பருப்புச் சோற்றைப் பிசைந்தபடி, "வைஷூ, சாப்பிட வா," என்று கூப்பிட்டாள்.

வாசலில் நின்ற மகள் நடக்கத் தொடங்கினாள். காலடிச் சத்தம், பல்லி ஓடுவதுபோல.

டிவியைத் தாண்டினாள்.

வளரவில்லை.

கட்டிலைத் தாண்டினாள். அதே அளவு.

பிசைந்த கை நின்றது. கண்ணை மூடித் திறந்தாள். அதே அளவு. இன்னும் கிட்டத்தில்.

"அம்மா," என்றது குரல், எங்கோ கீழிருந்து. "நீ ஏன் பெருசாகிட்டே போற?"

மோகனப்ரியாவுக்குக் கத்த வேண்டும் என்று தோன்றியது. கத்தவில்லை. சோறு ஆறுகிறதே என்றுதான் தோன்றியது.

கீழே உட்கார்ந்தாள். ஒரு பருக்கையை விரல்நுனியில் எடுத்தாள். நீட்டினாள்.

வைஷாலி அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.