டக் என்று ஒரு சத்தம்

லிஃப்ட் மெக்கானிக் ஒருவரின் மகளுக்கு லிஃப்டில் ஏறப் பயம். நீச்சல் வாத்தியார் பிள்ளைக்குத் தண்ணீரில் கண்டம் என்பது போலத்தான் இதுவும். வெளியே தெரிந்தால் ஊரே சிரிக்கும். வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் சிரிக்க ஆரம்பித்தால் லேசில் நிறுத்தவும் மாட்டாள்.

அதனால் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏறுவதும் இறங்குவதும் படிக்கட்டில்தான். யாராவது கேட்டால், “உடம்புக்கு நல்லது” என்பாள். அவள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துக் கட்டடத்தில் எல்லோரும் அவளுக்குச் ‘சுண்டெலி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சுண்டெலியின் வீடு ஆறாவது மாடி. அதற்கு மேல் மொட்டை மாடியும், லிஃப்டை இழுக்கிற மெஷின் இருக்கும் அறையும்தான். லிஃப்ட் எந்த மாடியில் நின்றாலும் அவர்கள் தலைக்கு மேலே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் திடுக்கிட்டு மேலே பார்ப்பார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கோ அது காதில் விழுவதே இல்லை. சுண்டெலி குழந்தையாக இருந்தபோது அதைக் கேட்டுத்தான் தூங்குவாளாம்.

முன்பெல்லாம் அவளும் லிஃப்டில் போய்க்கொண்டுதான் இருந்தாள். பயம் வந்தது இந்த மழைக்காலத்தில். ஒரு புயல் ஓய்ந்து தலை துவட்டுவதற்குள் அடுத்த புயல் வந்தது. பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்பது காலையில்தான் தெரியும். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து எப்போது வருவாள் என்று அவளுக்கே தெரியாது. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று கரண்டுக்கே தெரியாது.

“காலமே சரியில்லை” என்று வாட்ச்மேன் தினமும் சொல்வார். அதைக் கேட்டாலே சுண்டெலி இன்னும் வேகமாகப் படியில் ஓடுவாள்.

சாயங்காலம் மூன்று பேரும் கூடத்துப் பாயில் உட்கார்ந்து ஜெபம் செய்வார்கள். அப்பாவின் ஜெபம் எப்போதும் ஒரே மாதிரிதான் முடியும்.

“எங்க கைக்கு எட்டாததெல்லாம் உங்க கையில இருக்கு ஆண்டவரே. அது போதும்.”

சுண்டெலிக்கு அது போதவில்லை. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மனதுக்குள் தனியாக ஒன்று கேட்பாள். “இயேசப்பா, கரண்ட் போகாம பாத்துக்கங்க.”

பல நாள் அவள் ஆமென் சொல்வதற்குள் கரண்ட் போயிருக்கிறது. ஒருவேளை நான் கேட்பது அவருக்குக் கேட்கவில்லையோ என்று அவளுக்கு ஒரே கவலை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்குக் காலை டியூட்டி. அப்பா நாற்காலி போடுவதற்காக முன்னாலேயே சபைக்குப் போய்விட்டார். சபை அடுத்த தெருவில்தான். சுண்டெலி தலை சீவி, பாட்டுக் குழுவின் நீல உடையைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கினாள்.

ஐந்தாவது மாடிக்கு வந்தவள் அப்படியே நின்றாள். படிக்கட்டின் மேல்படியில் பாட்டு சார் உட்கார்ந்திருந்தார்.

பாட்டு சார்தான் சபையின் பாட்டுக் குழுத் தலைவர். ஆள் பீரோ மாதிரி இருப்பார். அவர் பாடினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். மேல் சுரத்துக்குப் போகும்போது குதிகாலை எப்படித் தூக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் காட்டப் போய், மேடையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டவர். மாவுக் கட்டோடு ஐந்தாவது மாடி வீட்டிலேயே இருந்தார். அவர் இல்லாத பாட்டுக் குழுவோ, மாடு ஒரு பக்கம் வண்டி ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. போன வாரம் ஆண்கள் பாட்டை முடித்து உட்கார்ந்த பிறகும் பெண்கள் ஒரு சரணம் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“சார், என்ன இங்க உட்காந்திருக்கீங்க?”

“சும்மாதான்மா. காத்து வாங்க.”

படிக்கட்டில் காற்றே இல்லை. ஊன்றுகோல் இரண்டும் பக்கத்தில் கிடந்தன. சார் தோய்த்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஆனால் வெள்ளை வேட்டியின் பின்பக்கம் முழுக்க ஈர அழுக்கு. சார் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கப் பார்த்திருக்கிறார்.

“சார், படியெல்லாம் மழைத் தண்ணி. வழுக்கும். லிஃப்ட் இருக்குல்ல?”

“லிஃப்டா? எதுக்குமா அந்தச் சின்னப் பெட்டிக்கு வீண் சிரமம்?”

சார் சிரித்தார். ஆனால் கண் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணைச் சுண்டெலிக்கு நன்றாகத் தெரியும். லிஃப்டைப் பார்க்கும்போது அவள் கண்ணும் அப்படித்தான் ஆகும்.

“டாக்டர் இன்னும் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரா சார்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

சார் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “டாக்டர் போன வாரமே வெளிய போகலாம்னு சொல்லிட்டார். நான்தான் போகல. இந்தக் கரண்டை நம்பி எப்படிமா ஏறுறது? வீட்டுக்காரியும் சபைக்குப் போயாச்சு. அவகிட்டகூட நான் சொல்லல. நீயும் சொல்லிடாத.”

சுண்டெலிக்கு ஒரே ஆச்சரியம். பயப்படாதே என்று ஞாயிறுதோறும் ஜன்னல் அதிரப் பாடுகிறவர் இவர்தான். அவருக்கே இந்தக் கதியா?

இன்றைக்குப் புதுப் பாட்டு வேறு. சார் வராவிட்டால் குழு மானம் கப்பலேறிவிடும். படியில் இறங்கினால் இன்னொரு காலும் போய்விடும். ஓடிப்போய் யாரையாவது கூட்டிவரலாம்தான். ஆனால் அவர்களால் இவ்வளவு பெரிய சாரை ஐந்து மாடியும் தூக்கிக்கொண்டு இறங்க முடியுமா? சுண்டெலி லிஃப்ட் கதவைப் பார்த்தாள். சாரைப் பார்த்தாள்.

“நான் கூட வர்றேன் சார். வாங்க.”

“உனக்குப் பயமில்லையா?”

“லிஃப்ட் மெக்கானிக் பொண்ணு சார் நான்” என்றாள். அது பொய் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை.

சார் சுவரைப் பிடித்து எழுந்தார். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவு மூடியது. சுண்டெலி பொத்தானை அழுத்தினாள். லிஃப்ட் இறங்கத் தொடங்கியது. இயேசப்பா, கரண்ட் போகாம பாத்துக்கங்க, இயேசப்பா, கரண்ட் போகாம என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

நாலாவது மாடி போனது. மூன்றாவது மாடி போனது. கரண்டும் போனது.

லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. ஒரே இருட்டு. கதவு இடுக்கில் மட்டும் நூல் போல ஒரு வெளிச்சம்.

“அவ்வளவுதான்” என்றார் சார். “கயிறு அறுந்துடும். அறுந்துடுமா? சொல்லுமா.”

சுண்டெலி லிஃப்டின் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் கேட்டேனே, கேட்டேனே என்றுதான் நினைக்கத் தோன்றியது.

அப்போதுதான் அவளுக்கு அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தது. லிஃப்ட் நின்றபோது எங்கோ உயரத்தில் ‘டக்’ என்று கேட்டதே, அது.

அவளுக்குப் பழக்கமான ‘டக்’.

ஒரு முறை அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது மெஷின் அறையில் அவள் பார்த்திருக்கிறாள். அப்பா மெயின் சுவிட்சை அணைத்தார். உடனே இரண்டு பெரிய இரும்புக் கைகள் மெஷினின் சக்கரத்தை இரண்டு பக்கமும் ‘டக்’ என்று கவ்விக்கொண்டன. அப்பா சுவிட்சைப் போட்டதும் கைகள் விலகின. அன்றைக்கு அவளுக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தில்தான் கவனம். இப்போது இருட்டில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

“சார்,” என்றாள், “விழாது.”

“எப்படிச் சொல்ற?”

“மேல பிரேக் இருக்கு. ஸ்பிரிங் வச்சது. கரண்ட் இருந்தா கையை விரிச்சுக்கும். கரண்ட் போச்சுன்னா தானா இறுக்கிப் பிடிச்சுக்கும். இப்ப டக்னு சத்தம் கேட்டுச்சில்ல? பிடிச்சிருச்சு சார்.”

“அப்ப கரண்ட் போனாத்தான் கெட்டியா பிடிக்குமா?”

“ஆமா சார்.” சொல்லும்போதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. “கரண்ட்தான் நம்மளைத் தூக்கிப் பிடிச்சிருக்குன்னு நான் நினைச்சேன். அதனால அது போகக்கூடாதுன்னு தினமும் ஜெபம் பண்ணினேன். தப்பா கேட்டுட்டேன் போல.”

“தினமும் பண்ணினியா? அப்ப உனக்கும் பயமா?”

மாட்டிக்கொண்டாள். இருட்டில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? “பயம்தான் சார். ரொம்ப நாளா.”

“பயத்தை வச்சுக்கிட்டா எனக்காக ஏறின?” சாரின் குரல் கரகரத்தது. பெரிய கை ஒன்று அவள் தலையைத் தேடி வந்து, முதலில் மூக்கில் பட்டு, பிறகு தலையில் தங்கியது. “ஜெபம் பண்ணுவோமா?”

“நீங்க பண்ணுங்க சார்.”

“எனக்கு இப்ப வார்த்தை வராது. நீ பண்ணு.”

சுண்டெலிக்கும் வார்த்தை வரவில்லை. வந்ததெல்லாம் அப்பாவின் வார்த்தைதான். “எங்க கைக்கு எட்டாததெல்லாம் உங்க கையில இருக்கு இயேசப்பா. அது போதும்.” இந்த முறை அது நிஜமாகவே போதும் என்று இருந்தது. யாரோ பிடித்திருக்கிறார்கள். அவள் பார்க்காதபோதும் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டதை அவள் அதற்குப் பிறகுதான் கவனித்தாள்.

தடவிப் பார்த்து மணிப் பொத்தானை அழுத்தினாள். அது பேட்டரியில் ஓடுவது. கீழே மணி அலறியது. “இதோ, இதோ” என்று வாட்ச்மேன் சத்தம் போட்டார். “யாரா இருந்தாலும் பயப்படாதீங்க, மெக்கானிக்கைக் கூட்டிட்டு வர்றேன்!” அவருடைய செருப்புச் சத்தம் தெருப் பக்கம் ஓடியது.

“அப்பா வர்ற வரைக்கும் புதுப் பாட்டைப் பாடிப் பாப்போமா சார்?”

சார் தொடங்கினார். ஜன்னலை அதிர வைக்கும் குரல், கொசு முனகுவது போல வந்தது.

சுண்டெலி ஒரு வரி கேட்டாள். பிறகு, “சார், சுருதி தப்புது” என்றாள்.

“என்னது? எனக்கா?”

“ஆமா சார். கொஞ்சம்.”

சார் நிமிர்ந்தது இருட்டிலும் தெரிந்தது. தொண்டையைக் கனைத்தார். எடுத்தார் பாருங்கள் ஒரு குரல், லிஃப்டின் நாலு சுவரும் கூடப் பாடின. சுண்டெலியும் சேர்ந்துகொண்டாள். இரண்டாவது சரணம் வந்தபோது கீழேயிருந்து இன்னும் நிறையக் குரல்கள் கேட்டன. வாட்ச்மேன் சபையில் போய்ச் சொன்னதும் அப்பாவோடு பாட்டுக் குழு மொத்தமும் கிளம்பி வந்திருந்தது. ஆண்களும் பெண்களும் ஒன்றாகப் பாடி ஒன்றாகவே முடித்தார்கள். பல வாரங்களுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

மேலே மெஷின் அறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. “உள்ள யாரு?”

“நான்தான்பா. சாரும் இருக்காங்க.”

“நீயா? லிஃப்ட்லயா?” என்று கேட்டார் அப்பா.

அந்தக் கேள்வியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்பாவுக்கு எல்லாம் முன்பே தெரியும். தெரிந்தும் ஒரு நாள்கூடக் கேலி செய்யவில்லை.

“ஆமாப்பா. நல்லாத்தான் இருக்கேன்.”

அப்பா பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த, வாட்ச்மேன் சக்கரத்தைக் கையால் சுற்றினார். லிஃப்ட் ஆமை போல நகர்ந்து இரண்டாவது மாடியில் நின்றது. கதவைத் திறந்தால் அங்கே பாட்டுக் குழுவும், சாரின் மனைவியும், போதகரும்கூட நின்றார்கள்.

“ஆராதனை இங்கயே ஆரம்பிச்சிடுச்சு போல” என்று போதகர் சிரித்தார்.

மிச்சம் இருந்த படிகளில் குழுவின் ஆண்கள் சாரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். “மெதுவா, மெதுவா, நான் பீரோ இல்லை” என்று சார் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். சுண்டெலி சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

சபையில் அன்று ஜன்னல் அதிர்ந்தது. முடிந்து திரும்பும்போது கரண்ட் வந்திருந்தது. சார் லிஃப்டின் முன் நின்று சுண்டெலியைப் பார்த்தார். சுண்டெலி முதலில் ஏறினாள். ஐந்தாவது மாடியில் சாரை இறக்கிவிட்டு, ஆறாவது மாடிக்குத் தனியாகவே போனாள். கதவு திறக்குமுன் தலைக்கு மேலே ‘டக்’. அவள் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

சாயங்காலம் அம்மாவும் வந்தபின் மூன்று பேரும் பாயில் உட்கார்ந்தார்கள்.

“இன்னிக்கு நான் ஜெபம் பண்றேன்” என்றாள் சுண்டெலி. கண்ணை மூடினாள். இறுக்கி மூடவில்லை, சும்மா மூடினாள்.

“இயேசப்பா, கரண்ட் போனா போகட்டும். நீங்க...”

பட்டென்று கரண்ட் போனது. தலைக்கு மேலே ‘டக்’ என்று சத்தம் கேட்டது. எந்த மாடியிலோ லிஃப்ட் நின்றிருக்க வேண்டும்.

“உள்ள யாராவது இருப்பாங்க,” என்று அப்பா எழப் போனார்.

“ஒரு நிமிஷம்பா, முடிச்சிடறேன்” என்றாள் சுண்டெலி. “நீங்க பிடிச்சிருக்கீங்க. அது போதும். ஆமென்.”

பிறகு அப்பாவை முந்திக்கொண்டு எழுந்து, உள்ளே இருப்பவர்களிடம் விழாது என்று சொல்வதற்காகப் படியில் ஓடினாள்.