காற்றாடி இல்லாத பெட்டி

இருபத்துமூன்று படங்களைத்தான் அவர் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றினார். டிவி திரையில் இருபத்துநான்கு வந்து நின்றன.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். இருபத்துநான்குதான்.

வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். கூடத்து மூலையில் இருந்த பழைய கணினியை முடுக்கினால் போதும், லாரி மேடேறுகிற மாதிரி இரைய ஆரம்பித்துவிடும். மனைவி போய் எட்டு மாதம். அவள் பேசுகிற, சிரிக்கிற படங்களைப் போட்டால் அந்த இரைச்சலில் பாதி வார்த்தை காதில் விழாது. தங்கைதான் சொன்னாள்: "ஏண்ணா அதோட மல்லுக்கட்டறே? படம் பாக்கறதுக்குன்னே சின்னதா கம்ப்யூட்டர் வருது. டிவி பக்கத்துல வச்சுட்டா தெரியவே தெரியாது."

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். "இது வேகம் ஜாஸ்தி, ஆனா உள்ள ஃபேன் இருக்கு. இது விலையும் கம்மி, ஃபேனே கிடையாது. வெறும் படம் பாக்கத்தானே சார்? இது போதும். காதை வச்சுக் கேட்டாலும் சத்தம் வராது."

அவர் நிஜமாகவே காதை வைத்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. என்னவோ, கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் பில் போடுகிற சாக்கில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம். திரைச்சீலையை இழுத்துவிட்ட கூடத்தில் வெயில் பழுப்பாகக் கசிந்து கிடந்தது. எட்டு மாதமாகச் சாத்தியே இருந்த உள்ளறையிலிருந்து மருந்து வாடையும் பழைய போர்வையின் புழுக்கமும் கதவிடுக்கு வழியே மெல்ல வந்துகொண்டிருந்தன. இருபத்துநான்காவது படத்தின் மேல் ஒரு தேதி இருந்தது. அவள் போன நாள்.

அன்று அவர் எதையும் படம் எடுக்கவில்லை. அவசர வேலை. மதியம் முழுக்கக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்கு உள்ளே போனபோது கட்டிலில் அவள் உடம்பு சில்லிட்டிருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னார். சொல்லிச் சொல்லி அவரும் நம்பிவிட்டார்.

அதை ஓடவிட்டார்.

உள்ளறை. கட்டில். கழுத்துவரை போர்த்திக்கொண்டு அவள். எங்கோ தூரத்தில் பழைய கணினியின் இரைச்சல்.

"ஏங்க."

புதுப் பெட்டியில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"ஏங்க... கொஞ்சம் வாங்களேன். மூச்சு விட முடியல."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"உங்களைத்தாங்க."

பன்னிரண்டு தடவை கூப்பிட்டாள். கோபமே இல்லாமல் கூப்பிட்டாள். தொந்தரவு கொடுக்கிறோமே என்ற கூச்சம் மட்டும் அந்தக் குரலில் இருந்தது.

"கேக்கலம்மா," என்றார் திரையைப் பார்த்து. "சத்தியமா எனக்குக் கேக்கல."

திரையில் அவள் தலையைத் திருப்பினாள். நேராக அவரைப் பார்த்தாள்.

"பரவால்லங்க. நீங்க வேலையப் பாருங்க. நானே வரேன்."

ஒரு வருடமாக எழுந்து நிற்காதவள் போர்வையை விலக்கினாள். கட்டில் விளிம்பில் சரிந்தாள். தொப்பென்று தரையில் விழுந்தாள். பிறகு படத்தில் வெறும் கட்டில்தான் இருந்தது.

சத்தம் மட்டும் நிற்கவில்லை. உள்ளங்கை தரையில் ஒட்டிப் பிரிகிற சத்தம். உடம்பை இழுக்கிற சத்தம். மூச்சு. மறுபடி உள்ளங்கை.

ரிமோட்டை அமுக்கினார். டிவி அணைந்தது.

சத்தம் அணையவில்லை.

உள்ளறையிலிருந்து வந்தது.

"இதோ, வந்துட்டேம்மா," என்று சொல்ல நினைத்தார். நாக்கு எழவில்லை. கால் எழவில்லை.

தாழ்ப்பாள் அசையவில்லை. கதவின் அடியிடுக்கில் நிழல் ஒன்று வந்து படுத்தது. அதற்குள்ளிருந்து ஒவ்வொன்றாக, ஐந்து விரல்கள் கூடத்துப் பக்கம் நீண்டன. நகங்கள் நீலம். தரையைத் தடவித் தடவி அவை எதையோ தேடின. கதவோரம் உட்கார்ந்திருந்த அவர் பாதம் பட்டதும் நின்றன. பிறகு, சுரம் கண்ட நாளில் அவர் காலைப் பிடித்துவிடுவாளே, அதே பதத்தில், மெதுவாகப் பிடித்துவிடத் தொடங்கின.