ஊதிக் காட்டு!

இந்தக் காலத்து மனிதர்களுக்கு மூக்கு மட்டும்தான் வேலை செய்கிறது. காது வேலை செய்வதில்லை. எதிரே நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. ஆனால் லேசாக ஒரு வாடை வந்தால் போதும், உடனே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்.

நான் சும்மா திட்டவில்லை. நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் திட்டுகிறேன்.

நான் மூட்டை தூக்கிப் பிழைத்தவன். இப்போது முதுகு போய்விட்டது, வீடும் இல்லை. மழைக் காலத்தில் மட்டும் சர்ச்சுக்காரர்கள் நடத்தும் விடுதியில் போய்ப் படுப்பேன். வீடில்லாதவர்களுக்கு அங்கே கட்டில் உண்டு, கம்பளி உண்டு, சூடாக சூப்பும் ரொட்டியும் உண்டு. குடியை விட நினைக்கிறவர்களுக்கு மருந்து கொடுப்பார்கள். கை சும்மா இருந்தால் மனம் கடைப்பக்கம் போகும் என்று, தச்சுப் பட்டறையில் வேலையும் கொடுப்பார்கள்.

நல்ல காரியம்தான். ஆனாலும் நான் நம்புவதில்லை. சும்மா கொடுக்கிறவர்களை நான் எப்போதும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்ப்பேன்.

அங்கே ஒரு வழக்கம். காலையில் பட்டறை வேலைக்காரர்கள் தவிர எல்லாரும் வெளியே போய்விட வேண்டும். சாயங்காலம் முன்வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். வாசலில் மேனேஜர் நிற்பார். அவர் முன்னால் வாயைத் திறந்து "ஹா" என்று ஊதிக் காட்ட வேண்டும். சாராய வாடை வந்தால் உள்ளே இடமில்லை. சூப் மணி அடிக்கும்போது வாசலைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் போகாதவனின் கட்டில், வெளியே காத்திருக்கும் வேறு ஒருவனுக்குப் போய்விடும்.

பழைய மேனேஜர் போய்ப் புதிய மேனேஜர் வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. எல்லாரையும் "பிரதர், பிரதர்" என்பார். பிரதராம் பிரதர்! என் அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை.

அன்று சனிக்கிழமை. எனக்கு முன்னால் நெட்டையன் நின்றிருந்தான். பனைமரம் மாதிரி உயரம் என்பதால் எல்லாரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவோம். அவன் மரவேலைக்காரன். ஒரு காலத்தில் குடித்தே வேலையைத் தொலைத்தான், வீட்டைத் தொலைத்தான். இப்போது பல மாதமாகத் தொடவில்லை. மறுநாள் அவனுடைய மகள் அவனைப் பார்க்க வருவதாக இருந்தது. பல வருடம் கழித்து முதல் தடவை. "அப்பா குடியை விட்டிருந்தா வர்றேன், இல்லாட்டி வாசல்லயே திரும்பிடுவேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தாளாம்.

அதனால் நெட்டையன் காலையிலிருந்தே தரையில் கால் படாமல் திரிந்தான்.

"அடுத்து வாங்க பிரதர். ஊதுங்க" என்றார் மேனேஜர்.

நெட்டையன் குனிந்து ஊதினான்.

மேனேஜர் சட்டென்று பின்னால் போனார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார்.

"என்ன பிரதர் இது? குப்புன்னு அடிக்குதே!"

"சார், அது பாலிஷ் சார். ஜெபக் கூடத்து பெஞ்சுக்கு இன்னிக்குத்தான் பாலிஷ் போட ஆரம்பிச்சேன். ஸ்பிரிட்ல அரக்கைக் கரைச்சு..."

"போன வாரம் ஒருத்தர் இருமல் மருந்துன்னார். அதுக்கு முந்தி ஒருத்தர் பல்வலி மருந்துன்னார். எல்லார்கிட்டயும் ஒரு கதை இருக்கு. கண்ணு வேற சிவந்திருக்கு."

"ஸ்பிரிட் பட்டா கண்ணு எரியும் சார்."

"வெளிய நில்லுங்க. வரிசையை மறிக்காதீங்க."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "ஏன்யா, நீதானே நாளைக்கு பெஞ்செல்லாம் பளபளன்னு இருக்கணும்னு சொன்ன? குடியை விட வந்தவன் கையில ஸ்பிரிட் டப்பாவைக் கொடுத்தது யாரு? கொடுத்துட்டு, வாடை அடிக்குதுன்னு விரட்டுறது யாரு? ரெண்டும் நீங்கதானே?"

"தாத்தா, நீங்க சத்தம் போட்டா உங்களையும் வெளியதான் அனுப்பணும்."

"அனுப்பு! உன் சூப்புல எவ்வளவு தண்ணின்னு எனக்குத் தெரியாதா?"

அப்போது சமையலறை ஜன்னலில் ஒரு தலை முளைத்தது. அது மிளகு. சமையல்கார அம்மாவின் மகள். வயது பத்துதான். ஆள் பொடி, வாய் காரம், அதனால் அந்தப் பெயர்.

"அங்கிள், மாமா குடிக்கலை!" என்று அங்கிருந்தே கத்தினாள். "மத்தியானம் பூரா நான் கூடவே இருந்தேன். டப்பாவைக்கூட அவர் தொடலை. 'நீ ஊத்து கண்ணு, நான் பஞ்சை மட்டும் நீட்டுறேன்'னு என்கிட்டதான் கொடுத்து வச்சிருந்தார். மூக்குல துணி கட்டிக்கிட்டுத்தான் தேய்ச்சார்."

"சின்னப் பிள்ளை, பாசத்துல சொல்லும்" என்றார் மேனேஜர்.

"நிஜமா அங்கிள்! வந்து பெஞ்சை மோந்து பாருங்க."

"வரிசை முடியாம நான் வாசலை விட்டு நகரக் கூடாதும்மா. அது விதி. அடுத்து வாங்க பிரதர்."

பார்த்தீர்களா? பட்டறையும் ஜெபக் கூடமும் பக்கத்துச் சுவருக்கு அந்தப் புறம்தான். நாலு எட்டு வைத்தால் போதும். அந்த நாலு எட்டுக்கு விதி இடம் கொடுக்காதாம்!

நெட்டையன் கீழே கிடந்த பையை எடுத்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திட்டியிருந்தால் சரி, அழுதிருந்தாலும் சரி. அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெதுவாக நடக்க ஆரம்பித்தான். தெருமுனைப் பக்கம். தெருமுனையில் சாராயக் கடை இருக்கிறது.

மிளகு ஜன்னலிலிருந்து குதித்து என்னிடம் ஓடி வந்தாள்.

"தாத்தா, நீங்க போய் மாமாவைப் பிடிச்சு வைங்க."

"நான் எப்படிடி பிடிப்பேன்? அவன் பனைமரம், நான் பூசணிக்காய்."

"சண்டை போடுங்க தாத்தா. உங்களுக்குத்தான் அது நல்லா வருமே!"

சொல்லிவிட்டு ஜெபக் கூடத்துப் பக்கம் பறந்தாள்.

நான் வரிசையைப் பார்த்தேன். என் முறை அடுத்தது. விட்டுப் போனால் கட்டில் போகும். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. 'சீ, இந்தப் பொடிசு நம்மை வேலை வாங்குதே' என்று திட்டிக்கொண்டே நெட்டையன் பின்னால் ஓடினேன். விளக்குக் கம்பத்தின் பக்கத்தில் அவனுடைய பையைப் பிடித்து இழுத்தேன்.

"டேய் நெட்டை, எங்கடா போற?"

"விடு பெரியவரே. குடிக்காமலே குடிகாரன்னுட்டாங்க. குடிச்சுட்டே அந்தப் பேரை வாங்கிக்கிறேன்."

"ஓ! அந்த இஸ்திரிச் சட்டைக்காரன் சொன்னா நீ செஞ்சுடுவியா? அவன் உன்னைக் கழுதைன்னா கத்துவியா?"

"நாளைக்கு என் பொண்ணு வந்து கேப்பா. குடிச்சுட்டு வந்தான், விரட்டிட்டோம்னு சொல்லுவாங்க. அப்புறம் எனக்கு என்ன இருக்கு?"

நான் எப்போதும் செய்வதையே செய்தேன். கத்தினேன்.

"நீ செஞ்ச ஸ்டூல்ல உக்காந்து என் இடுப்பே போச்சுடா! ஒரு கால் கட்டை!"

நெட்டையன் நின்றுவிட்டான். "எந்த ஸ்டூலு?"

"சாப்பாட்டுக் கூடத்துல, ஓரத்துல கிடக்குதே."

"யோவ், அது கட்டை இல்லய்யா! தரைதான் பள்ளம்!"

"தரை மேல பழி போடாதே. உனக்கு ரம்பம் பிடிக்கவே தெரியலை!"

அவ்வளவுதான். அவனுடைய மூக்கு விடைத்தது. காலின் அளவு, கட்டையின் தரம் என்று என்மேல் பாய ஆரம்பித்தான். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. புரிந்தால்தான் என்ன? கடைப்பக்கம் திரும்பியிருந்த கால் இப்போது என்னைப் பார்த்து நின்றது. எனக்கு அது போதும்.

திட்டிக்கொண்டே வாசலையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரிசையின் கடைசியில் மிளகு நின்றிருந்தாள். இரண்டு கையும் முழங்கை வரை செம்பழுப்பாக மின்னியது. கவுனின் முன்பக்கம் முழுக்கப் பாலிஷ். மறுநாள் ஆராதனைக்கென்று தைத்த புதுக் கவுன், அளவு பார்க்க அப்போதுதான் போட்டிருந்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிட்டோம்.

மேனேஜர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "நீ எதுக்கும்மா வரிசையில?"

"ஊதிக் காட்டணும்ல அங்கிள்? விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

வரிசையில் யாரோ 'களுக்' என்று சிரித்தார்கள். மேனேஜர் கொஞ்சம் குனிந்தார். மிளகு கையைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, "ஹா" என்று பெரிதாக ஊதினாள்.

மேனேஜர் சட்டென்று பின்னால் போனார். கைக்குட்டை தானாகவே மூக்குக்குப் போனது.

"நான் என்ன குடிச்சேன் அங்கிள்?" என்று கேட்டாள் மிளகு.

அவர் கைக்குட்டையை இறக்கி அவளுடைய கையைப் பார்த்தார்.

"காலையில பால் குடிச்சேன். மத்தியானம் தண்ணி. சாயங்காலம் சூப், உப்பு பார்க்க அம்மா கொடுத்தாங்க. எனக்கும் கட்டில் கிடையாதா?"

வரிசை மொத்தமும் இடிந்து விழுந்த மாதிரி சிரித்தது. உள்ளேயிருந்து சமையல்கார அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

"அடியேய்! புதுக் கவுன்டி! இது போகுமாடி? நாளைக்கு எதைப் போடுவ?"

"இதையேதான் போடுவேன்மா."

"உன்னை...!" என்று கரண்டியை ஓங்கியவர், மேனேஜர் நிற்கும் கோலத்தைப் பார்த்தார். தெருவில் பையோடு நிற்கும் நெட்டையனைப் பார்த்தார். கரண்டி கீழே இறங்கியது. "வாசல்ல ஒரு வாளி தண்ணியும் சோப்பும் வச்சா என்ன சார்?" என்றார். "கையையும் மூஞ்சியையும் கழுவிட்டு ஊதட்டும். வயித்துல இருக்குற வாடை சோப்புக்குப் போகாது. மேல இருக்குறது கொஞ்சமாவது போயிடும்ல?"

"வாளியை நான் கொண்டு வர்றேன்!" என்று மிளகு ஓடினாள்.

நான் நெட்டையனைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவன் கழுவினான். நகக்கண், தாடி, காது மடல் என்று தோலே உரியும்படி தேய்த்தான். மிளகு பக்கத்தில் நின்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு அவன் குனிந்து ஊதினான்.

மேனேஜர் ஒரு தடவை மோந்தார். இன்னொரு தடவை மோந்தார்.

"சோப்புதான் வருது" என்றார் மெல்ல. "உள்ள போங்க பிரதர்."

"அவ்வளவுதானா?" என்றேன் நான். "ஊர் பார்க்கக் குடிகாரன்னு சொன்னியே. மன்னிப்பு யாரு கேப்பா, நான் கேக்கணுமா?"

மேனேஜரின் முகம் சிவந்தது. "நாம எல்லாரும் இதுக்காக ஜெபிக்கலாம் தாத்தா..."

"அதை அப்புறம் பண்ணு. முதல்ல அவன்கிட்ட சொல்லு."

சூப் மணி அடித்தது. யாரும் நகரவில்லை. மேனேஜர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். நெட்டையனை அண்ணாந்து பார்த்து, "தப்பு என்னோடதுதான்" என்றார். குரல் கொசு மாதிரி வந்தது. ஆனால் வந்தது. அதற்குப் பிறகுதான் நானும் ஊதிவிட்டு உள்ளே போனேன்; அன்று மட்டும் வாசலைத் தாமதமாகப் பூட்டினார்கள்.

மறுநாள் நெட்டையனின் மகள் வந்தாள். அவளும் நெட்டைதான். வாசலில் தயங்கி நின்றாள். உள்ளே வரவில்லை.

"அப்பா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

அவள் என்ன கேட்க வந்தாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. நெட்டையன் தலையைக் குனிந்துகொண்டான். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மிளகு, கறை பிடித்த கவுனோடு நடுவில் வந்து நின்றாள்.

"அக்கா, மாமா நேத்து ஊதிக் காட்டினார். நானும் ஊதிக் காட்டினேன். ரெண்டு பேருமே பாஸ்!"

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். நெட்டையன் அவளை ஜெபக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், முதல் பெஞ்சைத் தொட்டுக் காட்டினான். அவள் முகம் அதில் தெரிந்தது.

மிளகு என்னைப் பிடித்துக்கொண்டாள். "தாத்தா, நீங்களும் வாங்க. பாட்டு ஆரம்பிக்கப் போகுது. இப்ப எல்லாம் சரியாப் போச்சுல்ல?"

"என்னத்தச் சரியாப் போச்சு? இன்னிக்கு பாலிஷ். நாளைக்கு பெயிண்ட் வாடை வரும், அதுக்கும் விரட்டுவாங்க."

"அப்பவும் வாளி இருக்கும் தாத்தா."

"வாளி இருக்கும். தண்ணி இருக்கணுமே!"

"நான் ஊத்துவேன்."

இந்தப் பொடிசிடம் யார் பேசுவது? நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டேன். வாசலில் மேனேஜர் நின்று, "போய்ட்டு வாங்க பிரதர்" என்றார்.

வாளியை எட்டிப் பார்த்தேன். விளிம்பு வரை தண்ணீர் இருந்தது.

இன்றைக்கு இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே நடையைக் கட்டினேன். மழை வந்தால் திரும்பி வருவேன். நனையக் கூடாது என்பதற்காகத்தான். நம்பி ஒன்றும் இல்லை.