தோள் மாறிய மூட்டை

போன் அலறியது!

வக்கீலம்மா எடுத்தாள். எதிர்த்தரப்பு வக்கீல்.

"மேடம்... உங்க ஆளு முந்தாநாள் மூட்டை தூக்கினான். வீடியோ இருக்கு. மரியாதையா கேஸை வாபஸ் வாங்குங்க!"

அவள் கேஸ் கட்டைப் பிரித்தாள்.

கிடங்கில் அவள் கட்சிக்காரனுக்கு 'ரெட்டை மூட்டை' என்றுதான் பெயர். ஒரே நடையில் இரண்டு சுமந்தவன். நிர்வாகம் நடத்திய தடுப்பூசி முகாமில் சட்டைக் கையைச் சுருட்டாமல், காலரை இழுத்து, தோள் உச்சியிலேயே குத்திவிட்டார்கள். மருந்தில் குறையில்லை. ஊசி இறங்கிய இடம்தான் தப்பு! ஒன்பது மாதமாக வலது கை எழவில்லை. வேலை போயிற்று. கிடங்கு நிர்வாகத்திடம் நஷ்டஈடு கேட்டு வழக்கு.

அப்படித்தான் அவன் சொன்னான்.

பொய்யா...?

கோர்ட் வராந்தாவில் அவனைப் பிடித்தாள்.

"மூட்டை தூக்கினீங்களா?"

"ஆமாம்மா."

"ஏன் மறைச்சீங்க?"

"சொன்னா கேஸை விட்டுடுவீங்கன்னு பயம்மா. வீட்ல அடுப்பு எரியணுமே..."

பக்கத்தில் அவன் பெண்டாட்டி வெடித்தாள். "வேணாம்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்! கேட்டாத்தானே இந்த மனுஷன்!"

விசாரணை. திரையில் வீடியோ ஓடியது.

மறைவிலிருந்து எடுத்தது; சுற்றிலும் ஆளில்லை. திண்ணையிலிருந்து சிமென்ட் மூட்டை அவன் தோளில் ஏறுகிறது. நடக்கிறான். நாலு... ஐந்து... ஆறு அடி.

கட்!

நீதிபதியின் புருவம் நெரிந்தது.

"கை வரலைன்னு கதை விட்டவர் இவர்தானே?" எதிர் வக்கீல் இளித்தார்.

"அவனேதான்," என்றார் கூண்டில் நின்ற கிடங்கு மேஸ்திரி.

வக்கீலம்மா திரையையே வெறித்தாள். கழுத்தின் வலப்பக்கம் மூட்டை உரசிக் கறுத்துக் காய்த்த தழும்பு. மூட்டை இருந்ததோ... இடப்பக்கம்!

எழுந்தாள்.

"மேஸ்திரி... இருபது வருஷமா இவர் எந்தத் தோள்ல சுமந்தார்?"

"வலதுலதான்."

"இடதுல?"

"தோள் மாத்தினா பத்து அடி தாங்காதும்மா. ஆளும் விழுவான், மூட்டையும் கிழியும்..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்போ ஆறாவது அடியில வீடியோ ஏன் நிக்குது? மிச்சத்தைப் போடச் சொல்லுங்கய்யா!"

"போடுங்க," என்றார் நீதிபதி.

எதிர் வக்கீல் வேண்டாவெறுப்பாக முழு வீடியோவை ஓட்டினார்.

ஏழு... எட்டு... தொப்!

மூட்டை கிழிந்தது. சிமென்ட் புழுதிக்குள் வலது கையை ஊன்றப் பார்த்து, முடியாமல், அலறினான் அவன்.

நீதிபதி பேனாவை எடுத்தார். "நடிக்கிறவன் ஆளில்லாத இடத்துல அலற மாட்டான். நஷ்டஈடு கொடுக்கணும்!"

வராந்தாவில் எதிர் வக்கீலை மறித்தான் ரெட்டை மூட்டை. இடக்கையால் ஒரு சலாம்.

"என் சாட்சியை இவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்தீங்களே சார்... எறக்குக்கூலி எவ்வளவு?"