கந்தகம் குடித்த சிரட்டை

களத்துக் கூலிக்காரன் தாணு செத்துக் கிடந்தான்.

மாரடைப்பு என்றார் கொப்பரைக்கள முதலாளி சுயம்புராஜ்.

ஜினிஷா நம்பவில்லை. பூசணம் பிடிக்காமலிருக்கக் கொப்பரைக்குச் சிரட்டையோடு திருட்டுத்தனமாகக் கந்தகப் புகை போடும் கூண்டுக்குள் அல்லவா அவன் கிடந்தான்?

"போலீஸ்ல சொல்லப்போறேன் அண்ணாச்சி" என்று அவள் சொன்னதுதான் தாமதம்...

இப்போது சோதனை அறைக்குள் கிடந்தாள். வெளியே காந்தப் பூட்டு.

அந்த அறை இருந்த பின்கொட்டகையில், சிரட்டைக் கரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தை அமைத்தவளே அவள்தான். விளக்கு, காற்றூதி, பூட்டு எல்லாம் அதில்தான் ஓடின. அதன் கழிவு வாயுக் குழாயைச் சுயம்புராஜ் அறைக்குள் திருப்பிவிட்டிருந்தார்.

நிறமில்லை. மணமில்லை. தலை மட்டும் கனத்தது.

"தொறங்க அண்ணாச்சி."

"தொறக்கதுக்கா ஏட்டி பூட்டினேன்? சோதனை பண்ணும்போ மயங்கிட்டாள்னு சொல்லிருவேன். படிச்ச பிள்ள, எல்லாரும் நம்புவாவ."

களத்தில் தாணுவின் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். காற்றூதியின் இரைச்சலைத் தாண்டி எந்தக் குரலும் அவர்களை எட்டாது.

அவள் கதவுக் கண்ணாடி வழியே வெளியிலிருந்த கரித்தொட்டியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"தொட்டியில கரி தீருது. கரண்ட் நின்னா பூட்டு தானா தொறந்துரும். அப்போ பாக்கலாம்."

சுயம்புராஜ் சிரித்தார்.

"வாய வச்சிட்டு சும்மா இருக்கப்பிடாதா?"

தன் களத்துக் கரி மூட்டையை இழுத்துவந்து தொட்டியில் கவிழ்த்தார்.

ஜினிஷா கண்களை மூடிக்கொண்டாள். கந்தகப் புகை குடித்த சிரட்டையைச் சுட்டெடுத்த அந்தக் கரியை அவள் ஒருநாளும் கலத்தில் போட்டதில்லை. கந்தகம் பட்டால் உள்ளிருக்கும் நிக்கல் தகடு செத்துவிடும்.

முதலில் சாகப்போவது தகடா, அவளா?

காத்திருந்தாள். மூச்சைச் சிறிது சிறிதாகச் செலவழித்தாள்.

விளக்கு மங்கியது.

கதவுவரை தவழ்ந்தாள். "தாணு எப்பிடிச் செத்தான்? சாகப்போறவட்ட சொன்னா என்ன?"

"புகையிலதான்."

அவள் காதில் கைவைத்தாள். "கேக்கல்லியே."

"புகையிலட்டி!"

"காத்தூதி சத்தத்துல ஒண்ணும் கேக்கல்ல அண்ணாச்சி."

சுயம்புராஜ் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக் கத்தினார்.

"அவனும் உன்ன மாதிரிதான். புகை போடுகத ஆபீசர்ட்ட சொல்லுவேன்னான். அதான் தாணுவ..."

காற்றூதி நின்றது.

"...கூண்டுல பூட்டிப் புகை போட்டேன், போதுமா!"



களத்தில் அழுகை நின்றிருந்தது. அத்தனை தலைகளும் கொட்டகைப் பக்கம் திரும்பியிருந்தன.

கதவு மெல்ல விலகியது. ஜினிஷா வாசலில் சரிந்து உட்கார்ந்து, ஆசைதீர மூச்சிழுத்தாள்.

"இப்போ கேட்டுது அண்ணாச்சி. அவியளுக்கும்."