அமுதா சொன்ன எண்ணெய்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஹேமலதாவின் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. கடற்கரைச் சாலையில் நடக்கப் போவதற்காக அமுதவல்லி லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்தாள். எப்போதும் அந்த நேரத்தில் ஹேமலதா ஷூ மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். அமுதவல்லி போன் செய்தாள். மணி வீட்டுக்குள்ளேயே அடித்து ஓய்ந்தது.

ஹேமலதாவின் தம்பி முகிலன் அப்போதுதான் பைக்கில் வந்து இறங்கினான். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு இரவு ஷிப்ட்.

"என்னாக்கா, வெளிய நிக்கிறீங்க?"

"உங்கக்கா எடுக்கல."

அவன் தன் சாவியால் கதவைத் திறந்தான்.

ஹேமலதா சாப்பாட்டு மேசைக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தாள். முகம் வீங்கி, கண்கள் இடுங்கி, வேறு யாரோ போலிருந்தாள். உயிர் இல்லை. மேசையில் ஒரு தட்டு. அதில் ஒன்றரை இட்லி, மிளகாய்ப்பொடி, பொடியின் நடுவே குழித்து ஊற்றிய எண்ணெய். பக்கத்தில் எண்ணெய் பாட்டில்.

அமுதவல்லி முதலில் செய்தது மின்விசிறியை நிறுத்தியதுதான். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்குப் பிறகும் தெரியவில்லை.

ஹேமலதாவுக்கு நிலக்கடலை ஆகாது. சின்ன வயதில் ஒரு கடலை மிட்டாய்க்கே ஆஸ்பத்திரியில் படுத்தவள். அந்த வீட்டுக்குள் கடலை வந்ததே இல்லை. கொரோனா வந்து போனதிலிருந்து அவளுக்கு மூக்கும் வேலை செய்யவில்லை. மல்லிகையும் மண்ணெண்ணெயும் ஒன்றுதான். அதனால் சோப்பு, ஷாம்பு, சாம்பிராணி, காப்பித்தூள், எதுவானாலும் அமுதவல்லி முகர்ந்து பார்த்துச் சொன்னால்தான் வாங்குவாள். இருவரும் ஒரே கல்லூரியில் வேலை. ஹேமலதா நூலகத்தில், அமுதவல்லி அலுவலகத்தில்.

நல்ல பொருள் ஒன்று கையில் கிடைத்தால் அமுதவல்லியால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாது. "இதைப் போட்டுப் பாரு, அப்புறம் பேசு" என்பாள். அவளுடைய இன்னொரு தோழி சோஃபி பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். பாரிஸிலிருந்து அண்ணன் அனுப்பும் மார்செய் சோப்பை அவள் பெருமையாக நீட்டியபோது, "பாத்திரம் தேய்க்க ஆகும்" என்று அமுதவல்லி சொல்லிவிட்டாள். சோஃபி ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவளே அமுதவல்லி சொன்ன கடலைமாவுப் பொடிக்கு மாறினாள். அந்தப் பொடியைக்கூட, "இது உனக்கில்ல, உன் கண்ணுலயே படக்கூடாது" என்று ஹேமலதாவிடம் மறைத்துத்தான் சோஃபியிடம் கொடுத்தாள். கடலை என்ற பெயர் இருந்ததே போதும்.

மேசையில் இருந்த நல்லெண்ணெய் பாட்டிலும் அமுதவல்லி சொன்னதுதான். சேதராப்பட்டு போகும் வழியில் வெற்றிவேல் என்பவர் புதிதாகப் போட்ட மரச்செக்கு. வியாழக்கிழமை மாலை இருவரும் சேர்ந்துபோய் ஆளுக்கொரு பாட்டில் வாங்கினார்கள்.

*

புதன்கிழமை ஆய்வக முடிவு வந்தது. பாட்டிலில் நல்லெண்ணெயோடு செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் கலந்திருந்தது. அன்றே செக்குக்கு சீல் வைத்தார்கள். வெற்றிவேலை விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள். எள்ளும் கடலையும் அங்கே ஒரே செக்கில்தான் ஆடின. அமுதவல்லியின் பாட்டிலையும் சோதித்தார்கள். அதில் கலப்பு இல்லை.

"அதை வச்சு ஒண்ணும் சொல்லிட முடியாது" என்றார் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் பூர்ணிமா. நாற்பதை எட்டாத பெண். குரலை உயர்த்தாமல் பேசுவார். "கடலை ஆட்டிட்டு செக்கைச் சரியா துடைக்காம புடிச்ச முதல் பாட்டில் அவங்களுக்குப் போயிருக்கலாம். அடுத்தது உங்களுக்கு. கடையில எந்த பாட்டிலை யாரு எடுத்தது?"

"நான்தான் ரெண்டையும் எடுத்தேன். ஒண்ணை அவகிட்ட குடுத்தேன்."

சொன்னபோது அவளுக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல உடம்பு முழுக்க மரத்திருந்தது. இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. எந்தக் கையை நீட்டினோம் என்பதைத்தான் சனிக்கிழமையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். நினைவுக்கு வரவில்லை.

அடுத்த நாற்காலியில் முகிலன் இருந்தான். செக்கின் மீது புகார் கொடுத்தவன் அவன்.

"வெள்ளிக்கிழமை காலையில பாட்டிலைத் திறந்தது யாரு?" பூர்ணிமா கேட்டார்.

"அக்காதான். ஷிப்ட் முடிஞ்சு வந்து டீ குடிச்சிட்டிருந்தேன். என் எதிர்லதான் சீலைப் பிரிச்சுது. மூடியத் திருகுனதுமே கடலை வாசனை."

"உங்களுக்கு அடிச்சுது."

"அதுக்குத்தான் வாசனையே தெரியாதே மேடம்."

"சொல்லியிருக்கலாமே?"

"ஒரே செக்கு, லேசா வாசம் ஒட்டியிருக்கும்னு விட்டுட்டேன். அமுதாக்கா வாங்கியாந்ததாச்சேன்னு." அவன் அமுதவல்லியைப் பார்க்காமல் சொன்னான். "தூக்கம் வேற."

"திறந்து முதல்ல எதுல ஊத்துனாங்க?"

"எதுலயும் ஊத்தல. மூடி, அடுப்பு மேடையில வச்சிட்டு காலேஜ் போயிடுச்சு. நான் படுத்துட்டேன்."

"அப்புறம்?"

"வெள்ளிக்கிழமை பகல்ல அது சாப்பிடாது. சாயந்திரம் காலேஜ் விட்டு நேரா கோயிலுக்குப் போயிட்டு வந்துச்சு. நான் ஷிப்டுக்குக் கிளம்பிட்டேன். அதுக்கப்புறம்தான் இட்லி சாப்பிட்டிருக்கு."

பூர்ணிமா அவனைப் போகச் சொன்னார். வெளியே சோஃபி காத்திருந்தாள். அமுதவல்லியைக் கண்டதும் கையைப் பிடித்தாள்.

"சாப்பிட்டியாடி?"

"ம்."

"பொய். உன் மூஞ்சியே சொல்லுது." சோஃபி பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தாள். "எந்த கம்பெனின்னு கேக்காத. தின்னு."

அமுதவல்லி கேட்கவில்லை. அதைப் பார்த்துத்தான் சோஃபிக்குப் பயம் வந்தது.

*

மறுநாள் பூர்ணிமா அமுதவல்லியை ஹேமலதாவின் வீட்டுக்கு வரச் சொன்னார். சந்து முழுக்கப் பழைய ஓட்டு வீடுகள். பாதி வீடுகள் விடுதிகளாகிவிட்டன. இந்த வீட்டையும் ஒரு விடுதிக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகிலனுக்கு விற்க ஆசை. ஹேமலதா கையெழுத்துப் போட மறுத்தாள். "எவனோ வந்து பீர் குடிக்கவா எங்கப்பா இந்தக் கூடத்தைக் கட்டுனாரு?" என்பாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். அவளுக்கு அந்த வீடு போதும்.

முகிலன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். எதிர்வீட்டு மாலா அவனுக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலில் நின்றாள்.

பூர்ணிமா அமுதவல்லியைச் சமையலறைக்கு அழைத்துப் போய், போனில் ஒரு படத்தைக் காட்டினார். எண்ணெய் பாட்டிலின் படம்.

"எவ்வளவு குறைஞ்சிருக்கு, பாருங்க."

கழுத்துக்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தது.

"ஒரு ஆள் இட்லிப்பொடிக்கு இவ்வளவு ஊத்துவாங்களா?"

"அவ ஊத்த மாட்டா. சின்ன ஸ்பூன்ல ஒண்ணு. அதுக்கே கொழுப்புன்னு புலம்புவா."

"அப்ப மிச்சம் எங்க போச்சு? வேற சமையல் எதுவும் நடக்கல. பாத்திரம் எல்லாம் கவுத்தி வச்சது வச்சபடி இருக்கு."

அமுதவல்லி அடுப்பு மேடையைப் பார்த்தாள். ஹேமலதா அங்கே நின்று பாட்டிலின் சீலைப் பல்லால் கிழிப்பதாக நினைத்துப் பார்த்தாள். எதையும் பல்லால்தான் கிழிப்பாள். கிழித்ததும் என்ன செய்வாள்?

"விளக்கு" என்றாள்.

"எந்த விளக்கு?"

"புது எண்ணெய் பாட்டில் பிரிச்சா முதல் எண்ணெய் சாமி விளக்குக்குத்தான். அப்புறம்தான் வாய்க்குன்னுவா. வெள்ளிக்கிழமை வேற. காலேஜுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஏத்திட்டு, குளிர வச்சிட்டு வருவா. சாயந்திரம் கோயிலுக்குப் போறதால வீட்ல ஏத்த மாட்டா."

பூர்ணிமா சுற்றிலும் பார்த்தார். சுவரில் பதித்த மர அலமாரி ஒன்றின் கதவு சாத்தியிருந்தது.

"இதை யாரு சாத்தினது?"

வாசலிலிருந்து மாலா பதில் சொன்னாள். "நான்தாம்மா. சாவு விழுந்த அன்னிக்கே சாத்திட்டேன். தீட்டு வீடு. காரியம் முடியற வரைக்கும் சாமியைத் தொறக்கக் கூடாது. யாரும் தொடல."

"போலீஸ்காரங்க?"

"தொறக்க வந்தாரு ஒருத்தரு. சொன்னேன், விட்டுட்டாரு."

பூர்ணிமா கையுறை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். வாடிக் கறுத்த பூ. அதன் கீழே பித்தளைக் காமாட்சி விளக்கு. திரி கருகியிருந்தது. குழியில் முக்கால் பங்கு எண்ணெய் அப்படியே நின்றது.

"மோந்து பாருங்க. தொடாதீங்க."

அமுதவல்லி குனிந்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு அவள் எதையும் முகர்ந்து பார்த்திருக்கவில்லை. எள், அதில் லேசாக வெல்லம், கருகிய திரி. வேறெதுவும் இல்லை. இன்னொரு முறை முகர்ந்தாள். காலடியில் தரை இருப்பது மெல்லத் தெரிந்தது.

"கடலை இல்ல" என்றாள்.

"உங்க மூக்கை வச்சு நான் கேஸ் போட முடியாது" என்றார் பூர்ணிமா. விளக்கைச் சாயாமல் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்.

*

முடிவு வந்த அன்று மாலை நான்கு மணிக்கு அதே கூடத்தில் பூர்ணிமா பேசினார். முகிலன் நின்றுகொண்டிருந்தான். அமுதவல்லியும் சோஃபியும் சுவரோரம் இருந்தார்கள்.

"விளக்குல இருந்தது சுத்தமான நல்லெண்ணெய். வெற்றிவேல் செக்கோடது. இவங்க பாட்டில்ல இருக்கற அதே எண்ணெய்."

"அது பழைய எண்ணெயா இருக்கும் மேடம்."

"பழசு வியாழக்கிழமையே தீந்துபோச்சு. அதனாலதான் புதுசு வாங்கப் போனாங்க. காலி டின் வெளியில பழைய சாமான்ல கிடக்குது. அது கடையில வாங்கின டின் எண்ணெய், செக்கு எண்ணெயில்ல."

முகிலன் வாசலைப் பார்த்தான்.

"காலையில சீல் பிரிச்சப்போ எண்ணெய் நல்லா இருந்திருக்கு. ராத்திரி இட்லிக்கு ஊத்தும்போது கடலை எண்ணெய் கலந்திருக்கு. நடுவுல உங்கக்கா காலேஜ்ல, அப்புறம் கோயில்ல. வீட்ல நீங்க ஒருத்தர்தான். இது மட்டும்னா நீங்க தூங்கினப்போ யாரோ வந்தாங்கன்னு வக்கீல் பேசலாம். ஆனா நீங்க ஒரு பொய் சொன்னீங்க. மூடி திறந்ததுமே கடலை வாசனை அடிச்சுதுன்னு. அடிச்சிருக்க முடியாது. எதுலயும் ஊத்தலைன்னும் சொன்னீங்க. அவங்க விளக்குக்கு ஊத்தினாங்க. காலையில வந்ததும் நீங்க படுத்துடுவீங்க. உங்கக்கா விளக்கேத்தி ஒரு நாள்கூட நீங்க பாத்ததில்ல. செக்கு மேல பழி போடணும்னு பாக்காததைப் பாத்ததாச் சொன்னீங்க."

முகிலன் சுவரில் சாய்ந்தான். பிறகு தரையில் உட்கார்ந்தான். அவன் அழவில்லை.

"கையெழுத்துப் போட்டிருந்தா போதும்" என்றான்.

"அதை அப்புறம் கேக்கறேன். இந்த எண்ணெய்ல எதுக்குக் கலந்தீங்க? கடலைன்னா உங்கக்கா எதையும் ரெண்டு தடவ பாக்கறவங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

"மத்ததெல்லாம் பாக்கும். பாக்கெட்டுல பின்னாடி பொடி எழுத்துல இருக்கறதைக்கூடக் கண்ணாடி போட்டுப் படிக்கும். எனக்கே ஊத்திக் குடுத்து வாசனை பாருடாங்கும்." அவன் தலையைத் தூக்காமல் கையால் அமுதவல்லி இருந்த பக்கத்தைக் காட்டினான். "இவங்க சொன்ன பொருளை மட்டும் பாக்காது. அதான்."

காவலர்கள் இருவர் அவனை வெளியே கூட்டிப் போனார்கள். மாலா வாசலில் நின்றவள் ஒதுங்கிக்கொண்டாள். ஜீப் பின்னோக்கியே சந்தை விட்டு வெளியேறியது. அங்கே திருப்ப இடமில்லை.

"உங்க எண்ணெய் இல்ல" என்றார் பூர்ணிமா. "வெற்றிவேலை இன்னிக்கு மத்தியானமே விட்டாச்சு. வீட்டுக்குப் போய்ப் படுங்க."

அமுதவல்லி தலையசைத்தாள். சோஃபி அவள் தோளைப் பற்றித் தெருவுக்கு நடத்திக்கொண்டு வந்தாள்.

"கேட்டியா? உன்னால இல்ல. அவங்களே சொல்லிட்டாங்க."

"கேட்டேன்."

"அப்புறம் என்னடி?"

அமுதவல்லி ஸ்கூட்டரின் சாவியை எடுத்தாள். உள்ளங்கையில் அது குத்தியது. அது குத்துகிறது என்று தெரிந்தது.

"அவன் சொன்னதையும் கேட்டேன்" என்றாள்.